குனோமா, பிளாஸ்மாவா, சினமனா, எக்ஸ்எஃப்சிஇயா? வீட்டுக் கணினிக்கு ஒரு டெஸ்க்டொப் சூழலைத் தெரிவுசெய்வது

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை கோர் புரொசெசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பாவித்த லப்டொப் வாங்கியவர்கள் பலரிடம் இருப்பது 4ஆம், 6ஆம் தலைமுறை ஐ5. அவற்றில் வின்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வழங்கல்களான (பதிப்புகளான) லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் ஏதாவது ஒன்றைப் போட்டவர்கள் அடுத்த நாளே கேட்பது ஒரே கேள்விதான்: எந்த டெஸ்க்டொப் சூழல்? ஒன்றைப் போட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றலாமா, மாற்றினால் எது உடையும்?

முதலில் ஒரு விளக்கம். டெஸ்க்டொப் சூழல் என்பது லினக்ஸின் மேல் அடுக்கு: பெனல் (டாஸ்க்பார் போன்ற பட்டை), மெனு, சாளரங்களின் சட்டம், அமைப்புகள், கோப்பு மேலாளர். அதற்குக் கீழே கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), டிரைவர், வைஃபை, உங்கள் கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே சூழலை மாற்றுவதற்குக் கணினியை முழுதாக ஃபோர்மட் செய்யத் தேவையில்லை. ஒரே கணினியில் இரண்டு சூழல்களை வைத்து, லொகின் செய்யும்போது தெரிவுசெய்யவும் முடியும். இந்த வசதிதான் பலரைச் சிக்கலிலும் மாட்டிவிடுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

ரேம். வீட்டுக் கணினியில் முதலில் பார்க்கவேண்டியது இதுதான். எந்தச் செயலியும் திறக்காமல் லொகின் செய்து, இரண்டு நிமிடம் பொறுத்து, சிஸ்டம் மொனிட்டரைத் திறந்து பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇக்கும் குனோமுக்கும் இடையே ஏறத்தாழ அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை வித்தியாசம் தெரியும். 4 ஜிபி ரேமில் அந்த அரை ஜிபி பெரிய விடயம்: ஸூம் வகுப்பும் நாலைந்து குரோம் டப்களும் திறந்தால், மிச்ச ரேம் முடிந்து ஸ்வொப் (ரேமுக்குப் பதிலாக டிஸ்கைப் பாவிப்பது) தொடங்கிவிடும். ஹார்ட் டிஸ்கில் ஸ்வொப் ஓடினால் மவுஸ் அம்புக்குறியே நின்றுவிடும். 8 ஜிபியில் அதே வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் "எது வேகமானது" என்ற கேள்விக்கு ரேம் அளவைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் கிடைக்கும் வேகம், எந்தச் சூழலை மாற்றினாலும் கிடைக்காது. கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

தமிழும் சிங்களமும். கொழும்பு வீடுகளில் ஒரே விசைப்பலகையில் மூன்று மொழி ஓடும். லினக்ஸில் இதைப் பெரும்பாலும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஐபஸ் எம்17என் என்ற பொதியை (நிறுவும் மென்பொருள் தொகுப்பை) நிறுவினால் தமிழ்99, ஒலிப்பு முறை, இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் ஆகியவை வரும். சிங்களத்துக்கு விஜேசேகர வரும். பாமினியில் பழகிய கைக்கு ரெங்கநாதன்தான் கிட்டவரும். பொதி எல்லாச் சூழலுக்கும் ஒன்றுதான். அதைச் சூழலோடு இணைக்கும் வழிதான் இடத்துக்கு இடம் மாறுகிறது, பெரும்பாலான புகார்களும் அங்கேதான் பிறக்கின்றன.

யார் பாவிப்பது. தனியாளின் கணினி வேறு, அம்மம்மா, அப்பா, உயர்தரம் படிக்கும் பிள்ளை என்று மூன்று பேர் தொடும் கணினி வேறு. பலர் தொடும் கணினியில் பெனல் இடம் மாறாமல் இருப்பதே பெரிய வசதி.

எக்ஸ்11 அல்லது வேலண்ட். திரையில் படம் வரையும் பழைய முறை எக்ஸ்11, புதியது வேலண்ட். குனோமும் பிளாஸ்மாவும் வேலண்டுக்கு மாறிவிட்டன. குனோம் 49இல் எக்ஸ்11 அமர்வு இயல்பாகவே அணைக்கப்பட்டது. சினமனும் எக்ஸ்எஃப்சிஇயும் இன்னும் எக்ஸ்11இல்தான் நம்பிக்கையாக ஓடுகின்றன. டொரொன்டோவில் இருக்கும் தம்பி தூரத்திலிருந்து உங்கள் திரையைத் திறந்து உதவி செய்பவர் என்றால் இது முக்கியம். தூரக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் சில வேலண்டில் சரியாக இயங்குவதில்லை. ஸூமில் திரையைப் பகிர்வதும் சில கணினிகளில் தடுமாறும்.

உடைந்தால் மீட்பது. அழகாக மாற்றுவது எளிது. மாற்றியது உடைந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

| | எக்ஸ்எஃப்சிஇ | சினமன் | கேடிஇ பிளாஸ்மா | குனோம் |
|---|---|---|---|---|
| சும்மா இருக்கும்போது ரேம், ஏறத்தாழ | 0.7–0.9 ஜிபி | 1–1.3 ஜிபி | 1–1.5 ஜிபி | 1.3–1.8 ஜிபி |
| நிம்மதியாக ஓட வேண்டிய ரேம் | 4 ஜிபி | 8 ஜிபி | 8 ஜிபி | 8 ஜிபி |
| வின்டோஸ் பழக்கத்துக்கு நெருக்கம் | ஓரளவு | மிகவும் | மிகவும் | இல்லை |
| தமிழ் உள்ளீட்டை அமைப்பது | கையால் | கருவி உண்டு | கவனம் தேவை | மிக எளிது |
| மாற்றியமைக்க இடம் | நிறைய | போதிய அளவு | மிக அதிகம் | நீட்சிகள் (கூடுதல் செருகிகள்) வழியாக |
| அப்டேட்டில் உடையும் வாய்ப்பு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | நீட்சி போட்டால் அதிகம் |

ரேம் எண்கள் வழங்கலுக்கு வழங்கல் மாறும். உங்கள் கணினியில் நீங்களே அளந்ததை மட்டும் நம்புங்கள்.

## எக்ஸ்எஃப்சிஇ

1996இல் தொடங்கியது. மெதுவாகவே மாறும்: 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம்தான் புதிய பதிப்பு என்பதால், இன்று அமைத்த பெனல் அடுத்த வருடமும் அப்படியே நிற்கும். குடும்பக் கணினிக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை.

பெனலை வலது கிளிக் செய்து எந்த விளிம்புக்கும் நகர்த்தலாம், இரண்டாவது பெனல் சேர்க்கலாம். விஸ்கர் மெனுவைச் சேர்த்தால் தேடும் வசதியோடு வின்டோஸ் 7 போன்ற மெனு கிடைக்கும். 'பெனல் புரொஃபைல்ஸ்' என்ற சிறு கருவியை மறக்கவேண்டாம். பெனல் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து, பிள்ளை விளையாட்டாகக் கலைத்தாலும் ஒரு சொடுக்கில் திரும்பக் கொண்டுவரும். பழைய இன்டெல் கிராபிக்ஸ் திணறினால், சாளர மேலாளரின் நுட்ப மாற்றங்கள் பகுதியில் கொம்பொசிட்டர் என்ற காட்சி அலங்காரப் பகுதியை அணைக்கலாம். நிழலும் ஒளிபுகும் தன்மையும் போகும், கணினி இலேசாகும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது திரை அளவு. 14 அங்குலத்தில் ஃபுல் எச்டி திரை என்றால் எழுத்து சிறிதாகத் தெரியும், இங்கே 125 சதவீத அளவீடு ஒழுங்காகக் கிடைக்காது. தோற்றம் பகுதியில் எழுத்துருவின் டிபிஐயை 96இலிருந்து 120 ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், ஐகன்கள் அப்படியே நிற்கும், வயதானவர்களுக்கு அது பெரும்பாலும் போதும். இரண்டாவது தமிழ். மின்ட் தவிர்ந்த வழங்கல்களில் ஐபஸ் தானாகத் தொடங்காமல் போகலாம். 'ஐஎம் கொன்ஃபிக்' கருவியில் ஐபஸைத் தெரிவுசெய்து, லொக் அவுட் செய்து திரும்பி வரவேண்டும். மூன்றாவது, வெளியேறும் சாளரத்திலுள்ள 'அடுத்த முறைக்கு அமர்வைச் சேமி' என்ற சிறு டிக். அதைத் தெரியாமல் போட்டால், உடைந்த நிலையும் சேர்ந்து சேமிக்கப்படும். ஒவ்வொரு தடவையும் பெனல் இல்லாமல் திரை வருகிறதென்றால் இதுவே காரணமாக இருக்கலாம். வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் கேஷ் கோப்புறைக்குள் அமர்வுகளுக்கான கோப்புறையை வெறுமையாக்கினால் சரியாகும்.

4 ஜிபி ரேம் என்றாலோ, பாவிப்பவர் மாற்றத்தையே விரும்பாதவர் என்றாலோ இதைப் போடுங்கள்.

## சினமன்

லினக்ஸ் மின்ட் குழு 2011இல் தொடங்கியது. அவ்வருடம் வந்த குனோம் 3 பெனலையும் மெனுவையும் கைவிட்டபோது, அந்தப் பழக்கம் வேண்டுமென்று நின்றவர்களுக்காகப் பிறந்தது. கீழே பெனல், இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணிக்கூடு. வின்டோஸிலிருந்து வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

அப்லெட் (பெனலில் வைக்கும் சிறு கருவி), டெஸ்க்லெட் (டெஸ்க்டொப்பில் வைப்பது), தீம், நீட்சி எல்லாவற்றையும் 'ஸ்பைசஸ்' என்று அழைக்கிறார்கள். சிஸ்டம் செட்டிங்ஸிலிருந்தே இறக்கலாம். 125, 150 சதவீத அளவீடும் உண்டு. மின்டில் தமிழுக்கு 'உள்ளீட்டு முறை' என்ற கருவி இருக்கிறது: அதில் ஐபஸைத் தெரிவுசெய்து, பொதியை நிறுவி, லொக் அவுட் செய்து வந்தால் முடிந்தது. பெனல் உறைந்துபோனால் கன்ட்ரோல், ஓல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சினமன் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் ஆவணங்கள் மூடாது.

குறை என்னவென்றால், சினமனின் உண்மையான வீடு மின்ட்தான். மற்ற வழங்கல்களிலும் கிடைக்கும், ஆனால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அப்லெட்களை எழுதுபவர்கள் தனி ஆட்கள் என்பதால் சில கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

8 ஜிபி ரேமுள்ள, பலர் பாவிக்கும் கொழும்பு வீட்டுக் கணினிக்கு என் தெரிவு எப்போதும் இதுதான்.

## கேடிஇ பிளாஸ்மா

மாற்றியமைப்பதில் ஆசையுள்ளவருக்கு இதற்கு நிகர் இல்லை. பெனலின் உயரம், சாளரப் பட்டன்களின் ஒழுங்கு, ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி விதி, திரை மூலைகளுக்குத் தனி வேலை எல்லாம் வெளி நீட்சி இல்லாமலே உள்ளே இருக்கின்றன. போனைக் கணினியோடு இணைக்கும் கேடிஇ கனெக்ட் ஒன்றுக்காகவே இதை எடுப்பவர்கள் உண்டு.

பிளாஸ்மா 6 வந்தது 2024 பெப்ரவரி 28இல். பிளாஸ்மாவோடு வரும் உபுண்டுவான குபுண்டுவின் 24.04இல் இருப்பது அதற்கு முந்திய 5.27. 6 வேண்டுமென்றால் டெபியன் 13, ஃபெடோராவின் கேடிஇ பதிப்பு போன்ற புதியவற்றைப் பாருங்கள். மின்டின் மேல் பிளாஸ்மாவைப் போட முயலாதீர்கள். மின்ட் தன் கேடிஇ பதிப்பை 18.3ஓடு நிறுத்திவிட்டது. நிறுவ முடியும், ஆனால் இரண்டு விதமான அமைப்புச் சாளரங்களும் இரட்டைச் செயலிகளும் வந்து மெனு நிறைந்துவிடும்.

வேலண்டில் தமிழ் அமைப்பதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். ஐபஸை நிறுவியாயிற்று, ரெங்கநாதனும் சேர்த்தாயிற்று, எழுதினால் ஆங்கிலமே வருகிறது. காரணம், பிளாஸ்மாவில் உள்ளீட்டு முறையைத் தெரிவுசெய்யும் இடத்தின் பெயர் 'வெர்ச்சுவல் கீபோர்ட்'. திரையில் தோன்றும் விசைப்பலகை பற்றியது என்று நினைத்து எல்லோரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குள் அதைத் திறந்து, ஐபஸ் வேலண்ட் அல்லது எஃப்சிடிஎக்ஸ் 5 (ஐபஸ் போன்ற இன்னொரு உள்ளீட்டு மென்பொருள்) என்பதைத் தெரிவுசெய்து, அப்ளை அழுத்துங்கள். அதன் பிறகு கேட் எடிட்டரில் தமிழ் வந்து குரோமில் மட்டும் வராவிட்டால், குறை குரோமின் வேலண்ட் இணைப்பில் இருக்கிறது. உங்கள் வழங்கலில் எக்ஸ்11 அமர்வு இன்னும் இருந்தால், அதற்குள் போய் ஒருமுறை சோதித்தால் தெளிவாகும்.

'குளோபல் தீம்' பற்றி ஒரு எச்சரிக்கை. இவை வெறும் நிறமும் படமும் என்று எண்ணவேண்டாம். உள்ளே ஸ்கிரிப்ட் இருக்கலாம், அது உங்கள் கணக்கின் உரிமையோடு ஓடும். 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை நிறுவிய ஒருவரின் கோப்புகள் அழிந்தன, பிளாஸ்மாவை உருவாக்கும் கேடிஇ குழுவே எச்சரிக்கை வெளியிட்டது. நிறத்திட்டம், ஐகன், வோல்பேப்பர் ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றினாலே அதே தோற்றம் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பாலூவை அணைத்துவிடுங்கள். முதல் சில நாட்களுக்கு டிஸ்க் ஓயாமல் ஓடுவது அதனால்தான்.

## குனோம்

உபுண்டுவோடு வருவது. இதை அப்படியே ஏற்றுக்கொள்பவருக்கு மிக நல்ல சூழல்: டச்பேடில் மூன்று விரல் சைகைகள், ஒழுங்கான வேலண்ட், நேரடியான தமிழ் உள்ளீடு. செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குப் போய், உள்ளீட்டு மூலத்தில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்தால் போதும். சூப்பர் விசையும் (வின்டோஸ் சின்னமுள்ள விசை) ஸ்பேஸும் சேர்ந்து மொழியை மாற்றும்.

இதை வின்டோஸ் போல மாற்றப் புறப்பட்டால்தான் தொல்லை. எல்லாம் நீட்சிகளை நம்பியிருக்கும். குனோம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பு விடுகிறது, நீட்சிகள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒத்துப்போகவேண்டும். 2023இல் வந்த குனோம் 45 நீட்சிகளை ஏற்றும் முறையையே மாற்றியதால், அதுவரை இருந்த அத்தனையையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. டாஷ் டு பெனல் போன்ற பிரபலமானவை விரைவில் திருந்திவிடும், சிறியவை அப்படியே செத்துப்போகும். நீட்சி மூன்றுக்கு மேல் போகிறதென்றால் உங்களுக்கு வேண்டியது குனோம் இல்லை. அந்த நேரத்தைச் சினமனிலோ பிளாஸ்மாவிலோ செலவிடுங்கள்.

புதிய லப்டொப், 8 ஜிபியோ அதற்கு மேலோ ரேம், ஒரே ஆள், மாற்றும் ஆசை இல்லை: அப்படியென்றால் குனோம்.

## மாற்றும் முறை

முதலில் நிறுவாமல் பாருங்கள். பல ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளை ஒரே பென்டிரைவிலிருந்து இயக்கும் வென்டோய் என்ற கருவியை 32 ஜிபி பென்டிரைவில் போட்டு, மின்ட் சினமன், மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, குபுண்டு, உபுண்டு ஐஎஸ்ஓ கோப்புகளை அதற்குள் கொப்பி செய்தால், ஒவ்வொன்றையும் நேரடியாக இயக்கிப் பார்க்கலாம். மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 6 ஜிபியை நெருங்கும். பகல், இரவு என்று டேட்டா பிரிந்திருக்கும் இணைப்பு என்றால் இரவுக்குத் தள்ளுங்கள். பென்டிரைவில் எல்லாமே மெதுவாகத்தான் ஓடும், ஆகவே வேகத்தை அங்கே மதிப்பிடவேண்டாம். வைஃபை, ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், தமிழ் எழுத்துரு ஆகியவை சரியா என்று பார்த்தால் போதும். எழுத்துக்குப் பதில் பெட்டி தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருவும், சிங்களத்துக்கு எல்கேலக் எழுத்துருவும் போட்டால் சரியாகிவிடும்.

இருக்கும் கணினியில் இரண்டாவது சூழலைச் சேர்க்கிறீர்கள் என்றால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவியில் ஒரு ஸ்னாப்ஷொட் (கணினியின் இப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். அது இயல்பாக உங்கள் வீட்டுக் கோப்புறையைத் தொடாது. ஆகவே கன்ட்ரோலும் எச்சும் அழுத்தி மறைந்த கோப்புகளைக் காட்டி, கொன்ஃபிக் கோப்புறையைத் தனியாக வெளி டிஸ்கில் கொப்பி செய்யுங்கள்.
2. லப்டொப் என்றால் முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ்ஸில் போடுங்கள். பொதி நிறுவும் நடுவில் கரண்ட் போனால் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அப்படி நடந்தால், பூட் மெனுவில் ரிக்கவரி பயன்முறைக்குப் போய், உடைந்த பொதிகளைச் சரிசெய்யும் தெரிவை ஓடவிடுங்கள்.
3. மின்டில் சினாப்டிக் என்ற பொதி மேலாளரைத் திறந்து, ஆங்கிலத்தில் மின்ட், கோடு, மெட்டா என்று தேடினால் சினமன், எக்ஸ்எஃப்சிஇ, மேட்டே (இன்னொரு சூழல்) மூன்றுக்கும் தொகுப்புப் பொதிகள் தெரியும். டெபியனில் டாஸ்க்செல் அதே வேலையைச் செய்யும்.
4. எந்த லொகின் மேலாளர் வேண்டும் என்று நடுவில் கேட்கலாம். இப்போது இருப்பதையே விடுங்கள். ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம் எதுவானாலும் எல்லாச் சூழலையும் திறக்கும்.
5. புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, புதிய சூழலை அதில் மட்டும் திறந்து பாருங்கள்.

ஐந்தாவதைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னர் அவதிப்படுகிறார்கள். எல்லாச் சூழல்களும் ஒரே வீட்டுக் கோப்புறையில் எழுதுகின்றன. பிளாஸ்மாவுக்குள் ஒருமுறை போய்வந்தால், அது எழுதிவைத்த ஜிடிகே (செயலிகளின் தோற்றத்தை வரையும் மென்பொருள்) அமைப்பால் சினமனின் எழுத்துருவும் ஐகனும் மாறியிருக்கும். பிடிஎஃப் வேறு செயலியில் திறக்கும். தானாகத் தொடங்கும் செயலிகள் இரண்டு மடங்காகும். தனிக் கணக்கில் பார்த்தால், பிடிக்காதபோது அந்தக் கணக்கை அழித்தாலே உங்கள் அமைப்பு அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. குரோமும் அதன் உறவு பிரவுசர்களும் கடவுச்சொற்களையும் குக்கிகளையும் பூட்டும் சாவியைச் சூழலின் சாவிக்கொத்தில் வைக்கின்றன. பிளாஸ்மாவில் அது கேவொலட், குனோம், சினமன், எக்ஸ்எஃப்சிஇ மூன்றிலும் குனோம் கீரிங். ஒரே கணக்கில் சினமனிலிருந்து பிளாஸ்மாவுக்குப் போனால் சாவி கிடைக்காது, எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறியிருப்பீர்கள், சேமித்த கடவுச்சொற்கள் காணாமல் போனது போலத் தெரியும். மாற்றுமுன் கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்து வையுங்கள், மாறிய பின் அந்தக் கோப்பை அழிக்க மறக்கவேண்டாம். ஃபயர்ஃபொக்ஸ் தன் புரொஃபைலுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைப்பதால் இந்தத் தொல்லை அதில் இல்லை.

நிறுவிய பின் பலர் "புதிய சூழல் வரவேயில்லை" என்பார்கள். வந்திருக்கும். உபுண்டுவின் ஜிடிஎம் திரையில் முதலில் உங்கள் பெயரைச் சொடுக்கவேண்டும். கடவுச்சொல் பெட்டி தோன்றிய பிறகுதான் வலது கீழ் மூலையில் பற்சக்கரம் தெரியும். அதைத் திறந்து சூழலைத் தெரிவுசெய்யுங்கள். மின்டில் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஐகன் இருக்கும்.

பழைய சூழலை உடனே அகற்றாதீர்கள். இரண்டு மூன்று கிழமை இரண்டும் இருக்கட்டும், டிஸ்கில் பிடிக்கும் இடம் பெரிதல்ல. அகற்றும்போது தொகுப்புப் பொதியை மட்டும் நீக்கினால், அது இழுத்து வந்த பல பொதிகள் அங்கேயே கிடக்கும். எவை அன்று வந்தன என்பது 'வார்' என்ற கணினிக் கோப்புறையின் லொக் பகுதிக்குள், ஆப்ட் வரலாற்றுக் கோப்பில் திகதியோடு எழுதியிருக்கும். அந்தப் பட்டியலை வைத்துச் சினாப்டிக்கில் நீக்குங்கள். உறுதி கேட்கும் சாளரத்தில் நெட்வேர்க் மேனேஜரோ லொகின் மேலாளரோ சேர்ந்து போகிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். போகிறதென்றால் கென்சல் செய்துவிடுங்கள். நெட்வேர்க் மேனேஜர் போய்விட்டால் இணையமும் போய்விடும், திரும்ப நிறுவ வேண்டிய பொதியை இறக்கவும் வழியிருக்காது.